மூக்கடைச்சான் வாயடைத்த வாரம்

“இது உசுரோட இருக்குதான்னு கொஞ்சம் பாரு.”

மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்த நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் கணவர் முனிராஜ் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, லேப்டாப்பின் மேல் புறங்கையை வைத்திருந்தார்.

“லைட் எரியுதுங்க. ஸ்கிரீன் நீலமாத் தெரியுது,” என்றேன்.

“அப்புறம் ஏன் பேச மாட்டேங்குது?”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. வீட்டில் சத்தமே இல்லை. அடுத்த தெருவில் யாரோ டிராக்டரை முடுக்குவதுகூடக் கேட்டது.

அவருக்குக் கண் தெரியாது. கல்லூரியில் படிக்கும்போது பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், பட்டம் வாங்கும் முன்பே முழுதாகப் போய்விட்டது. அவருடைய கம்ப்யூட்டருக்குள் ஒரு குரல் உண்டு. திரையில் எழுதியிருப்பதை அது வாசித்துச் சொல்லும். அவர் ஒரு எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தையும் சொல்லும். அதை வைத்துத்தான் அவர் படிப்பது, எழுதுவது எல்லாம்.

சளி பிடித்த ஆள் பேசுவதுபோல இருக்கும் அந்தக் குரலுக்கு நான் வைத்த பெயர் மூக்கடைச்சான். போதாததற்கு அவர் அதை வேகமாக முடுக்கி வைத்திருப்பார். பாலக்கோட்டில் தக்காளி ஏலம் விடுகிறவர்கூட நடுவில் ஒரு மூச்சு வாங்குவார். இவன் வாங்க மாட்டான். அவன் பேசுவதில் ஒரு சொல்லும் எனக்குப் புரியாது. “அவன் வாயைக் கொஞ்சம் மூடுங்களேன்” என்று கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது மூடிக்கொண்டான்.

சும்மா கிடந்த சங்கு

அது ஒரு வெள்ளிக்கிழமை. வரும் திங்கட்கிழமை காலையில் அவருக்கு இன்டர்வியூ இருந்தது.

அவர் முன்பு தருமபுரியில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். எல்லோர் சட்டைப் பையிலும் ஒரு போன் வந்தபிறகு அந்த வேலை போய்விட்டது. பிறகு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுத்தார். மிச்ச நேரமெல்லாம் கம்ப்யூட்டர்தான். அவர் வைத்திருப்பது லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இலவச மென்பொருள். அதில் எந்த இடத்தில் குரல் தடுமாறுகிறது, எந்தப் பொத்தானுக்குப் பெயரில்லை என்று கண்டுபிடித்து, அதைச் செய்கிறவர்களுக்கு எழுதிப் போடுவார். ஊர் பேர் தெரியாத யாரோ நன்றி சொல்லிப் பதில் போடுவார்கள். ‘வெட்டி வேலை’ என்று நான் நினைத்ததுண்டு.

அந்த வெட்டி வேலையைப் பார்த்துத்தான் பெங்களூரில் ஒரு சின்ன நிறுவனம் அவரைக் கூப்பிட்டிருந்தது. வீட்டிலிருந்தே வேலை. அவர்கள் செய்யும் மென்பொருள் கண் தெரியாதவர்களுக்குப் பயன்படுமா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். இன்டர்வியூவும் வீடியோவில்தான். அவருடைய திரையைப் பார்த்துக்கொண்டே அவர்கள் ஏதாவது செய்யச் சொல்வார்கள், அவர் மூக்கடைச்சான் குரலை மட்டும் கேட்டுச் செய்துகாட்ட வேண்டும்.

அப்படியிருக்க, வெள்ளிக்கிழமை காலையில் மனுஷனுக்கு ஓர் ஆசை வந்தது. புது வெர்ஷன் வந்திருக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தால் மரியாதையாக இருக்குமே என்று அப்டேட் கொடுத்துவிட்டார். அது பாதி ஓடும்போது கரண்ட் போயிற்று. எங்கள் லேப்டாப்பில் பேட்டரி செத்து வெகுகாலம். கரண்ட் போனால் அதுவும் போகும். திரும்பக் கரண்ட் வந்து போட்டபோது திரை வந்தது, குரல் வரவில்லை. வைஃபையும் வரவில்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இந்த ஆண்டி ஊதியதில் சங்கு ஊமையாகிவிட்டது.

“அவங்ககிட்ட ரிப்பேர்னு சொல்லி வேற நாள் கேளுங்களேன்,” என்றேன்.

“கண்ணு தெரியாதவன் கம்ப்யூட்டர் ரிப்பேர்னு சொன்னா, கம்ப்யூட்டரைத்தான் ரிப்பேர்னு யாராச்சும் நெனப்பாங்களா?” என்றார்.

சோறு போட்டேன். இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மருந்துக் கடைப் படிப்பு

அன்று சாயங்காலம் அவருக்கு நான் கண்ணாக இருப்பது என்று முடிவாயிற்று. அவருக்கு எல்லாம் தெரியும், திரை தெரியாது. எனக்குத் திரை தெரியும், ஒன்றும் புரியாது. இரண்டு பேரையும் கூட்டினால் ஒரு முழு ஆள் வரவேண்டும். கூட்டிப் பார்த்தபோது அரை ஆள்கூடத் தேறவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் நல்லம்பள்ளியில் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். டாக்டர் சீட்டைப் படிப்பது என் தொழில். முதல் இரண்டு எழுத்து தெரிந்தால் போதும், நடுவில் புழு நெளிந்ததுபோல இருப்பதை நோயும் அளவும் சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்பேன். இத்தனை காலம் அப்படிப் படித்துப் படித்து, எதையுமே முழுதாகப் படிக்கிற பழக்கம் எனக்கு விட்டுப்போயிருந்தது.

“என்ன போட்டிருக்குது?” என்று கேட்டார்.

“ஏதோ எரர்ங்க.”

“ஏதோன்னா?”

“ஏதோ வரலைன்னு சொல்லுது.”

“அதோட வார்த்தையைச் சொல்லு. நீ அர்த்தம் சொல்லாத.”

பிறகு கறுப்புத் திரை ஒன்றைத் திறக்கச் சொல்லி, தட்டவேண்டியதை வாயால் சொன்னார். “மொதல்ல சுடோ போடு.”

போட்டேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது கம்ப்யூட்டர். திரும்பப் போட்டேன். திரும்பவும் கிடையாது என்றது.

“என்ன அடிச்ச? எழுத்தெழுத்தாச் சொல்லு.”

“எஸ், யூ, டி, யூ.”

“கடைசியில ஓ.”

“நீங்க சுடுன்னுதானே சொன்னீங்க?”

“சுடோன்னு சொன்னேன். இதைச் சுட்டுத் தள்ளறதா இருந்தா நான் எதுக்கு இத்தனை பாடுபடறேன்?”

அடுத்து பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. இன்னும் அழுத்தி அடித்தேன். கீபோர்டும் போய்விட்டது என்று பதறினேன். அவர் சிரித்தார். அன்று முழுவதும் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

“அது அப்படித்தான். நீ அடிக்கறது அதுக்குத் தெரியும், உனக்குக் காட்டாது. பார்க்காம அடிக்கறதுன்னா என்னன்னு இப்பத் தெரியுதா?”

பிறகு திரையில் சவுண்டு செட்டிங்ஸ் இருக்கும் இடத்துக்குப் போகச் சொல்லி, அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஒரு ஸ்பீக்கர் படம் அழகாக இருந்தது. “ஸ்பீக்கர் நல்லாத்தாங்க இருக்குது,” என்றேன். அதை நம்பி அவர் வேறு எங்கெங்கோ தேடினார். மறுநாள் எதற்கோ திரும்ப அங்கே வந்தபோதுதான் படத்துக்குப் பக்கத்தில் ‘டம்மி’ என்று ஒரு சொல் இருப்பதைப் பார்த்துச் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். நிஜ ஸ்பீக்கர் எதுவும் கிடைக்கவில்லை, சும்மா ஒப்புக்கு ஒன்று வைத்திருக்கிறேன் என்று அதற்கு அர்த்தமாம்.

ஒப்புக்குச் சப்பாணி என்று ஊரில் சொல்வோமே, அதைத்தான் கம்ப்யூட்டரும் வைத்திருந்திருக்கிறது. நான்தான் அதற்கு நல்லாயிருக்கிறது என்று சான்று கொடுத்திருக்கிறேன்.

பொருத்தம்

லினக்ஸ்காரர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. கம்ப்யூட்டர் வாங்கும்போது அவர்கள் பார்க்கும் பொருத்தம், பொண்ணு மாப்பிள்ளைக்குக்கூட யாரும் பார்க்க மாட்டார்கள்.

இந்த லேப்டாப் வாங்கத் தருமபுரிக்குப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் நிறம், எடை எல்லாம் சொல்லி முடித்தார். இவர் ஒன்றே ஒன்று கேட்டார். “லினக்ஸ்ல ஓடுங்களா?”

“எல்லாத்துலயும் ஓடுமுங்க சார்,” என்றார் அவர், டயர் விற்கிறவர்போல.

உள்ளே வைஃபை யார் செய்தது, சவுண்டு யார் செய்தது என்று இவர் கேட்கக் கேட்கக் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நானும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன். கடைசியில் இவர் போனில் யாரிடமோ கேட்டுவிட்டு, ஆறு பொருத்தம் இருக்கிறது, பரவாயில்லை என்று வாங்கினார். வீட்டுக்கு வந்து போட்டபோது கைரேகை வைக்கிற இடம் மட்டும் இன்றுவரை வேலை செய்யவில்லை. அதை ராகு கேது கணக்கில் விட்டுவிட்டோம்.

இத்தனை தொல்லையில் இதை ஏன் கட்டி அழவேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். “இதுல தப்பு இருந்தா உள்ள போயி எங்கன்னு பார்க்கலாம். மத்ததுல வாசல்லயே நிக்கணும்,” என்றார். வெகுகாலம் பல வாசல்களில் நின்றவர் சொன்னதால் அதற்குமேல் நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை தருமபுரியில் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனோம். எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்றார்கள். பஸ் பிடித்துத் திரும்பி வந்தோம்.

சாவி இல்லாத டிரைவர்

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வாசித்துச் சொல்லும் தன் போனைக் காதில் வைத்து, உலகத்தில் யார் யாருக்கெல்லாம் இப்படி ஆனதோ அவர்கள் எழுதியதையெல்லாம் கேட்டு முடித்தார். பிறகு எனக்கு விளக்கினார்.

“ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு டிரைவர் உண்டு. அவன்தான் ஓட்டுறவன். நம்ம டிரைவர் வந்து சீட்டுல உக்காந்துட்டான். சாவி இல்ல. அந்தச் சாவிதான் ஃபர்ம்வேர். அப்டேட் பாதியில நின்னதுல புது டிரைவர் வந்துட்டான், புதுச் சாவி வந்து சேரல.”

“சாவி எங்க கிடைக்கும்?”

“இன்டர்நெட்ல.”

“இன்டர்நெட்டுக்கு வைஃபை வேணுமே?”

“வைஃபைக்கும் அதே சாவிப் பிரச்சினைதான்.”

வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. ஆனால் ஒரு வழி இருக்கிறது என்றார். போனில் இருக்கும் நெட்டை ஒரு ஒயர் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கலாமாம். என் போன் ஒயரைச் செருகினோம். சார்ஜ் ஏறியது. வேறொன்றும் நடக்கவில்லை. அவருடைய ஒயரையும் போட்டோம். அதிலும் சார்ஜ் மட்டும்தான்.

“அப்ப ஒயர் செருகுற ஓட்டையும் போச்சு,” என்றார். எழுந்து போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவருக்குச் சுவரும் ஒன்றுதான், கூரையும் ஒன்றுதான். ஆனால் என் பக்கம் திரும்பாமல் படுத்தது எனக்குத் தெரியாதா?

சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாருக்காவது தெரிந்திருக்கும் என்று எழுதினேன். ஃபர்ம்வேரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று தெரியாமல், புரிந்தவரை சுருக்கிப் போட்டேன்: ‘நாளைக்கு அவருக்கு பெங்களூர் கம்பெனி இன்டர்வியூ. டிரைவர் இல்லாமல் எல்லாம் நின்று போச்சு. தெரிந்தவர்கள் உடனே உதவவும்.’

பாலக்கோட்டில் இருக்கும் என் அண்ணன் கட்டைவிரல் படம் போட்டார். தக்காளி ஏற்றும் வண்டி வைத்திருப்பவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யோசித்தேன். அவருக்குத் தெரிந்த பையன் யாராவது இருப்பான் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

வந்தவர்

மதியம் வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. நடுத்தர வயது ஆள் ஒருவர் இறங்கினார். தலையில் துண்டு, கையில் சாவி.

“மாதப்பனுங்க. முதலாளி அனுப்புனாருங்க. பெங்களூரு இப்பவே போறதுங்களா, விடியாலங்களா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “நீங்க கம்ப்யூட்டர் பார்க்கறவரா?”

“இல்லீங்க. டிரைவருங்க.”

அவருக்கும் புரியவில்லை. நான் போனை எடுத்து என் செய்தியை நானே படித்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வந்த மனிதரை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்று, “இருங்கண்ணா, டீ வெக்கறேன்,” என்று உள்ளே போனேன்.

மாதப்பன் வண்டியில் சாய்ந்துகொண்டு பாட்டைப் போட்டார். பழைய பாட்டு, நல்ல சத்தம். இவர் மனசு விட்டுப்போய்ப் படுத்திருக்கிறாரே என்று நான் ஜன்னல் வழியாகக் குறைக்கச் சொல்லப் போனேன். அதற்குள் இவர் சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

“பாட்டு எதுலருந்துங்க வருது? பென் டிரைவா, புளூடூத்தா?”

“போன்லருந்துங்க. புளூடூத் போச்சுங்க. ஒயர் சொருவியிருக்கறன்.”

“அந்த ஒயர் வழியாத்தான் பாட்டு போவுதா?”

“ஆமாங்க. சாதா ஒயர்ல சார்ஜு மட்டுந்தான் ஏறுது, பாட்டு வர மாட்டேங்குதுங்க. இது அந்த செட்டு விக்கறவனே குடுத்தது.”

இவர் இரண்டு கையையும் நீட்டினார். “அதைக் கொஞ்சம் குடுங்க.”

லேப்டாப்பின் ஓட்டையில் ஒரு குறையும் இல்லை. எங்கள் ஒயர்கள்தான் சார்ஜுக்கு மட்டும் ஆனவை. மாதப்பனின் ஒயரைச் செருகியதும் என் போன் என்னைக் கேள்வி கேட்டது. நான் எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் சொல்லவில்லை. இவர் சொன்ன இடத்தை அமுக்கினேன். பிறகு கறுப்புத் திரை. எஸ், யூ, டி, ஓ.

வரிகள் மேலே ஓட ஆரம்பித்தன. நான் மூச்சுவிடாமல் படித்துக்கொண்டே போனேன்.

“ஓடறதைப் படிக்காத. நின்னா படி,” என்றார்.

நான் திரையைப் பார்த்தேன், உள்ளே வந்திருந்த மாதப்பன் மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றும்வரை கரண்ட் இருக்கிறது என்று கணக்கு. டீ ஆறிப்போயிற்று. இந்த ஒரு தடவை மட்டும் கரண்ட் போகாமல் பார்த்துக்கோ என்று எந்தச் சாமியிடம் கேட்பது என்று தெரியாமல் எல்லாச் சாமியிடமும் கேட்டேன்.

“நின்னுடுச்சுங்க. எரர்னு எங்கயும் இல்ல. முழுசாப் பார்த்துட்டேன்.”

“நிறுத்திட்டுத் திரும்பப் போடு.”

திரை இருண்டு வெளுத்தது. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சளிபிடித்த குரல், தன் பாட்டுக்கு, “ஸ்கிரீன் ரீடர் ஆன்” என்றது.

அவர் கை கீபோர்டுக்குப் போய்விட்டது. மூக்கடைச்சான் ஏல வேகத்தில் கத்த ஆரம்பித்தான். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அந்தக் குரலுக்காக அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

“யாருங்க பேசறது?” என்றார் மாதப்பன். “சளி புடிச்சாப்ல இருக்குது.”

அந்த நேரம் அண்ணன் போன் செய்தார். “என்னம்மா, டிரைவர் வந்தாச்சா?”

“ரெண்டு டிரைவரும் வந்தாச்சுண்ணா,” என்றேன். அவருக்கு இன்றுவரை அது புரியவில்லை.

குழம்புவதற்கு ஓர் ஆள்

திங்கட்கிழமை காலை அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கடைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு நான் வெளியே நின்றேன். உள்ளே மூக்கடைச்சான் ஓடிக்கொண்டிருந்தான். நடுநடுவே இவர் இங்கிலீஷில் நிதானமாகப் பேசினார். யார் வாசலிலும் நிற்காதவரின் குரலாக அது இருந்தது.

வெளியே வந்ததும், “என்ன கேட்டாங்க?” என்றேன்.

“டிரைவர் பிரச்சினை வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“மச்சானுக்குப் போன் பண்ணுவேன்னு சொன்னேன்.”

வேலை கிடைத்துவிட்டது. இப்போது அவர் நாள் முழுவதும் அந்த அறையில்தான் இருக்கிறார். பேட்டரி புதிதாக மாற்றினோம். மாதப்பன் தன் ஒயரைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அது மேசை டிராயரில் திருநீற்றுப் பொட்டலத்தோடு இருக்கிறது.

எனக்கு மட்டும் ஒரு சின்ன மனக்குறை. அந்தச் சில நாட்கள் அந்தத் திரையிலிருந்து அவருக்குத் தெரிந்ததெல்லாம் என் வாய் வழியாகத்தான் போனது. அது போய்விட்டதே என்றிருந்தது. சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை.

போன வாரம் நான் கடையிலிருந்து வந்தபோது கூப்பிட்டார். “அப்டேட் வந்திருக்குது. இப்படி வந்து பக்கத்துல உக்காரு.”

“அதான் அவனே படிக்கறானே. நான் எதுக்கு?”

“அவன் படிப்பான். குழம்ப மாட்டான். எனக்குக் கூடச் சேர்ந்து குழம்பறதுக்கு ஒரு ஆள் வேணும்.”

நான் மின்விசிறி சுற்றுகிறதா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.